ஈஸ்ட் சைட்/வெஸ்ட் சைட்: ஒரே ஆண்டில் நின்றுபோன தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்கள் பற்றிப் பேச்சு வந்தால் நான் தவறாமல் சொல்லும் பெயர் இது. சொன்னதும் வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய அதேதான். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். சில கதைகளில் என்ன நடக்கிறது என்பது பதில்களில் தெரிந்துவிடும்.

இது என்ன தொடர்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

1963 செப்டம்பர் 23 முதல் 1964 ஏப்ரல் 27 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் நெட்வொர்க்கில் திங்கள்கிழமை இரவு 10 மணிக்கு வந்த ஒரு மணி நேர நாடகத் தொடர். கறுப்பு வெள்ளை. மொத்தம் 26 எபிசோடு. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் வேலை பார்க்கும் நீல் பிராக் என்ற சமூகப் பணியாளர்தான் நாயகன். நடித்தவர் ஜார்ஜ் சி. ஸ்காட். அவர் வேலை செய்யும் அலுவலகத்தின் தலைவி ஃப்ரீடா ஹெக்லிங்கராக எலிசபெத் வில்சன், செயலாளர் ஜேன் ஃபாஸ்டராக சிசிலி டைசன். இந்த மூவர்தான் நிரந்தரம்.

தயாரிப்பு டேவிட் சஸ்கைண்ட், உருவாக்கம் ராபர்ட் ஆலன் ஆர்தர். இருவருமே 1950-களின் நேரலை நாடகங்களில் கை பழகியவர்கள். ஒரு வெள்ளைக்காரத் தொழிலாளியும் ஒரு கறுப்பினத் தொழிலாளியும் நண்பர்களாவதைப் பற்றி 1955-ல் ஆர்தர் எழுதிய நேரலை நாடகத்தில் சிட்னி பாய்ட்டியே நடித்தார். அதே கதையை 1957-ல் சினிமாவாக எடுத்தவர் சஸ்கைண்ட். இந்தத் தொடர் திடீரென்று முளைத்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

1949-ல் இதே பேரில் ஒரு சினிமா இருக்கே, அதுவா?

இல்லை. அது பார்பரா ஸ்டான்விக், ஜேம்ஸ் மேசன் நடித்த எம்ஜிஎம் படம். வசதியான தம்பதியின் கதை. இரண்டுக்கும் பேர் மட்டும்தான் ஒன்று. மன்ஹாட்டனை ஐந்தாம் அவென்யூ கிழக்கு, மேற்கு என்று பிரிக்கிறது. அதனால் நியூயார்க் கதை எதற்கும் இந்தப் பேர் பொருந்தும்.

26 எபிசோடு வந்திருக்கு, ஒரு சீசன் முழுசாத்தானே ஓடியிருக்கு? அப்புறம் ஏன் அற்பாயுள் என்கிறீர்கள்?

நம் சேனல்களில் தினமும் ஓடும் சீரியலை வைத்துப் பார்த்தால் 26 என்பது ஒரு மாதக் கணக்கு. இன்றைய இணையத் தொடரை வைத்துப் பார்த்தால் மூன்று சீசன் கணக்கு. இரண்டுமே இங்கே உதவாது. அன்றைய அமெரிக்க வழக்கப்படி வாரம் ஒரு எபிசோடு. ஒரு சீசனுக்கு முப்பதுக்கும் மேல் எடுப்பது சாதாரணம். இதே செப்டம்பரில் போட்டி நெட்வொர்க்கான ஏபிசியில் ஆரம்பித்த 'தி ஃபியூஜிட்டிவ்' நான்கு சீசன், 120 எபிசோடு ஓடியது. அதற்குப் பக்கத்தில் வைத்தால் இது குறைப் பிரசவம்தான்.

சமூகப் பணியாளரை வைத்து வாராவாரம் என்ன கதை சொல்ல முடியும்? போலீஸ், டாக்டர் என்றால் புரியுது.

இந்தக் கேள்வியிலேயே தொடரின் பலமும் பலவீனமும் இருக்கிறது. போலீஸ்காரர் குற்றவாளியைப் பிடிப்பார், டாக்டர் ஆபரேஷன் செய்வார், வக்கீல் வாதாடி ஜெயிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒன்று முடியும். பிராக் கையில் என்ன இருக்கிறது? ஒரு தொலைபேசி, ஒரு கட்டுப் படிவங்கள், நடக்கக் கால்கள். வீட்டுக்காரரிடம் கெஞ்சலாம், அதிகாரியிடம் கத்தலாம், நீதிமன்ற நடைபாதையில் காத்திருக்கலாம். பெரும்பாலும் அவ்வளவுதான்.

முதலில் ஒளிபரப்பான கதையிலேயே பாலியல் தொழில் செய்யும் ஒரு தாய், தன் குழந்தையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் போராடுகிறாள். அப்புறம் பவரி தெருவில் குடிக்கு அடிமையாகிக் கிடப்பவர்கள், பிள்ளைகளுக்குப் படிக்கவே சொல்லித்தராத பள்ளிக்கூடம், மனவளர்ச்சிக் கோளாறுள்ள குழந்தையோடு தவிக்கும் பெற்றோர், உதவித்தொகையில் காலம் தள்ளும் குடும்பம் என்று போகிறது. பல எபிசோடுகளில் கடைசிக் காட்சி வரும்போது பிரச்சினை அப்படியே இருக்கும். மனிதர்கள் மட்டும் கொஞ்சம் மாறியிருப்பார்கள். எனக்கு இந்தத் தொடர் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். பார்க்கிறவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப அது மெனக்கெடவே இல்லை.

எல்லாரும் சொல்ற அந்த எலி எபிசோடு எது?

'ஹூ டூ யூ கில்?' 1963 நவம்பர் 4-ல் வந்தது. எழுதியவர் ஆர்னால்ட் பெர்ல், இயக்கியவர் டாம் கிரைஸ். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் ஒரு பாழடைந்த அடுக்குமாடி வீட்டில் ஜோ, ரூத் என்ற இளம் கறுப்பினத் தம்பதி. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் டயானா சாண்ட்ஸும் நடித்திருக்கிறார்கள். தொட்டிலில் படுத்திருக்கும் அவர்களுடைய கைக்குழந்தையை எலி கடித்துவிடுகிறது. குழந்தை பிழைக்கவில்லை.

கதையின் பாரம் அதற்குப் பிறகுதான் ஏறுகிறது. ஜோவுக்குக் கோபம், அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. வீட்டுக்காரன் மேலா, நகராட்சி மேலா, தன் மேலேயா? தலைப்பு கேட்கும் கேள்வியும் அதுதான். ரூத் பேச்சையே விட்டுவிடுகிறாள்; இறுதிச் சடங்குக்கு அவளைக் கிளப்புவதே பெரும்பாடாகிறது. டயானா சாண்ட்ஸின் அழுகையை நம்பி இந்தக் காட்சிகள் எடுக்கப்படவில்லை. அழ மறுக்கும் முகத்தை நம்பி எடுக்கப்பட்டிருக்கின்றன. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்றால் நமக்கெல்லாம் 'ஸ்டார் வார்ஸ்' டார்த் வேடரின் குரல்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்தக் குரல் உடைவதைக் கேட்கலாம்.

எலி கடிச்சுக் குழந்தை சாவதெல்லாம் கொஞ்சம் மிகைப்படுத்தல் இல்லையா? அதுவும் நியூயார்க்கில்?

இல்லை. அந்த எபிசோடு வந்த அதே 1963 நவம்பரில்தான் ஹார்லெமில் வாடகை மறுப்புப் போராட்டம் தொடங்கியது. ஜெஸ்ஸி கிரே என்பவர் தலைமையில் குடித்தனக்காரர்கள், வீடுகளைச் சரிசெய்யும்வரை வாடகை தரமாட்டோம் என்று நின்றார்கள். சூடு வராத குழாய், இடிந்த கூரை, எலி. அந்த ஆண்டுக் கடைசியில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது, தங்கள் வீடுகளில் பிடித்த எலிகளையே சாட்சியமாகக் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டு கழித்து, 1967 ஜூலையில், நகரங்களில் எலி ஒழிப்புக்குப் பணம் ஒதுக்கும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. உறுப்பினர்கள் அதைக் கேலி செய்து சிரித்தார்கள், தோற்கடித்தும் விட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் வேறொரு சுகாதாரச் சட்டத்தின் வழியாக அது உள்ளே வந்தது. சட்டம் இயற்றுகிறவர்களே சிரித்த ஒரு விஷயத்தை ஒரு தொலைக்காட்சி நாடகம் 1963-லேயே சிரிக்காமல் பார்த்தது.

அந்த எபிசோடைத் தடை பண்ணிட்டாங்களாமே?

அரசாங்கம் தடை செய்யவில்லை. சிபிஎஸ்ஸும் நிறுத்தவில்லை. தென்மாநிலங்களில், லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட், ஜார்ஜியாவின் அட்லாண்டா போன்ற ஊர்களில் இருந்த உள்ளூர் நிலையங்கள் அதை ஒளிபரப்ப மறுத்தன. இந்த வித்தியாசம் முக்கியம். பின்னால் வரும் கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை.

அன்றைய அமெரிக்காவில் நெட்வொர்க் என்பது ஒரே நிறுவனம் நாடு முழுக்க நடத்தும் சேனல் கிடையாது. சட்டப்படி ஒரு நெட்வொர்க் சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சிபிஎஸ்ஸுக்கு நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரி பெருநகரங்களில் இருந்தன. மற்ற ஊர்களில் எல்லாம் உள்ளூர் முதலாளிகளின் நிலையங்கள் ஒப்பந்தம் போட்டு நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும். எது வேண்டாமோ அதைத் தவிர்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஒரு நிலையம் மறுத்தால் அந்த ஊரே அந்தத் தொடரைப் பார்க்க முடியாது. யாரும் எதையும் தடை செய்ததாகவும் ஆகாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் இதே எபிசோடை செனட்டில் எழுந்து பாராட்டினார்.

சிசிலி டைசன்தான் அமெரிக்க டிவியில் முதல் கறுப்பின நடிகையா?

அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் தப்பு. 1950 முதல் 1953 வரை ஏபிசியில் 'பியூலா' என்ற நகைச்சுவைத் தொடர் இருந்தது. எத்தல் வாட்டர்ஸ், ஹாட்டி மெக்டேனியல், லூயிஸ் பீவர்ஸ் என்று மூன்று பேர் மாறி மாறி அதன் நாயகியாக நடித்தார்கள். ஆனால் பியூலா ஒரு வெள்ளைக்கார வீட்டின் வேலைக்காரி.

டைசனின் இடம் வேறு. இரவு நேர நாடகத் தொடர் ஒன்றில் வாராவாரம் வரும் பாத்திரம். அலுவலகத்தில் படித்த பெண்ணாக, மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்திருப்பவள். நாடகத் தொடரில் அப்படி ஒரு நிரந்தர இடம் கிடைத்த முதல் கறுப்பின நடிகை என்று அவரைச் சொல்வது வழக்கம். 'ஐ ஸ்பை' 1965-ல், 'ஸ்டார் ட்ரெக்' 1966-ல், டயஹான் கேரல் நாயகியாக நடித்த 'ஜூலியா' 1968-ல். எல்லாமே இதற்குப் பின்னால் வந்தவை.

ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. பல எபிசோடுகளில் ஜேன் ஃபாஸ்டருக்குச் செய்ய அதிகம் இல்லை. கோப்புகளை நீட்டுவாள், போனை எடுப்பாள், இரண்டு வரி பேசுவாள். 1972-ல் வந்த 'சவுண்டர்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெறப்போகும் நடிகையை வைத்துக்கொண்டு அவ்வளவுதான் எழுதினார்களா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆற்றாமையாக இருக்கும்.

அவங்க முடியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அன்று திரையில் வரும் கறுப்பினப் பெண்கள் முடியைச் சூடுவைத்து நேராக்கிக்கொள்வதுதான் எழுதாத விதி. டைசன் 1959-ல் ஒரு நேரலை நாடகத்துக்காக ஹார்லெமில் ஒரு முடிதிருத்தகத்தில் போய் முடியை ஒட்ட வெட்டி, இயல்பான சுருளோடு விட்டார். இந்தத் தொடருக்கும் அதே முடியோடு வந்தார், வாராவாரம் நாடு முழுக்கத் தெரிந்தார்.

அதைப் பார்த்துப் பெண்கள் தாங்களும் அப்படியே விட ஆரம்பித்ததும், முடி நேராக்கும் கடைக்காரர்கள் தங்கள் பிழைப்பு போகிறது என்று குறைப்பட்டுக் கடிதம் எழுதியதும் டைசனே பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னவை. முந்தின பதிலில் வசனம் குறைவு என்று சொன்னேன். வசனம் இல்லாமலே அவர் செய்த வேலை இது.

ஜார்ஜ் சி. ஸ்காட் பெரிய சினிமா நடிகராச்சே, ஏன் டிவிக்கு வந்தார்?

'பேட்டன்' படமும், அதற்குக் கிடைத்த ஆஸ்கரை அவர் வேண்டாம் என்றதும் 1970, 71-ல்தான். 1963-ல் அவர் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்', 'தி ஹஸ்லர்' இரண்டிலும் துணை வேடத்துக்குப் பெயர் வாங்கிய மேடை நடிகர். நியூயார்க்கிலேயே படப்பிடிப்பு, எழுத்தும் கனமானது என்றால் அவரைப் போன்றவர்களுக்கு அது நல்ல வேலைதான்.

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1964 ஜனவரி கடைசியில் ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' வெளியானது. அதில் கொக்கரிக்கும் ராணுவத் தளபதியாக ஸ்காட். குண்டுவீச்சு விமானத்துக்குள் ஒரு சின்ன வேடத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். அதையும் எலி எபிசோடையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே காலத்தில் இரண்டு பேரும் எத்தனை தூரம் போயிருக்கிறார்கள் என்று தெரியும். பிராக்காக வரும் ஸ்காட் தோள் குனிந்து, கோபத்தைப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு நடப்பார். நாயகன் மாதிரியே இருக்க மாட்டார்.

'நோ ஹைடிங் பிளேஸ்' எபிசோடில் வீட்டு புரோக்கர் என்ன செய்கிறார்? சத்தியமா புரியலை.

நிறையப் பேர் இங்கே தடுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1963 டிசம்பர் 2-ல் வந்த இந்தக் கதையை எழுதியவர் மில்லார்ட் லாம்பெல். வெள்ளையர்கள் மட்டுமே வாழும் ஒரு புறநகருக்கு ஒரு கறுப்பினத் தம்பதி வீடு வாங்கிக் குடிவருகிறார்கள். நடித்தவர்கள் ரூபி டீ, ஏர்ல் ஹைமன். பக்கத்து வீட்டுக்காரர் பிராக்கின் நண்பர். நல்ல மனிதர் என்று தன்னை நம்புகிறவர்.

புரோக்கர் செய்வது அன்று உண்மையிலேயே நடந்த வியாபாரம். ஒரு தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பம் வந்ததும், புரோக்கர் மற்ற வீடுகளின் கதவைத் தட்டுவார். 'இன்னும் பல குடும்பங்கள் வரப்போகின்றன, வீட்டு விலை விழப்போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள்' என்பார். பயந்தவர்கள் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார்கள். அதே வீட்டை, வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்குக் கொள்ளை விலைக்கு விற்பார். விற்றவருக்கும் நஷ்டம், வாங்கியவருக்கும் நஷ்டம், இரண்டு பக்கமும் லாபம் புரோக்கருக்கு. கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதிகளுக்கு வீட்டுக் கடன் உத்தரவாதம் மறுக்கும் அரசின் கொள்கைதான் இந்த வியாபாரத்துக்கு உரம். 1968-ன் நியாய வீட்டுவசதிச் சட்டம்தான் இப்படிப் பயமுறுத்தி விற்கவைப்பதைச் சட்டவிரோதமாக்கியது.

எபிசோடில் யாரும் வந்து கல்லெறிவதில்லை. எல்லாரும் சிரித்த முகத்தோடு கேக் கொண்டுவருகிறவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். நல்லவர் எனப்படுகிறவர் எந்தப் புள்ளியில் சறுக்குகிறார் என்பதைத்தான் லாம்பெல் பார்க்கிறார். எலி எபிசோடைவிட இது கூர்மை என்பது என் கருத்து. அதைப் பார்க்கிறவர் இரக்கப்பட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். இதில் தப்பிக்க வழி இல்லை.

கென்னடி கொலை இந்தத் தொடரைப் பாதித்ததா?

ஒரு வாரம் தள்ளிப்போனது. 1963 நவம்பர் 22 வெள்ளிக்கிழமை கொலை. 25 திங்கள்கிழமை இறுதிச் சடங்கு. அந்த நான்கு நாளும் மூன்று நெட்வொர்க்குகளும் வழக்கமான நிகழ்ச்சிகளையும் விளம்பரங்களையும் நிறுத்திவிட்டன. அதற்கு அடுத்த திங்கள் வந்ததுதான் மேலே சொன்ன புறநகர் எபிசோடு. துக்கத்தில் இருந்த ஒரு நாடு இந்தத் தொடரில் முதலில் பார்த்தது அதை என்று நினைத்துப் பார்த்தால், வேறு ஏதாவது லேசான கதையைப் போட்டிருக்கலாமே என்று யாரும் சொல்லாமல் விட்டது ஆச்சரியம்தான்.

நடுவில் பிராக் ஏன் வேலை மாறிட்டார்? வேற தொடர் பார்க்கிற மாதிரி இருக்கு.

சீசனின் பிற்பகுதியில் சார்லஸ் ஹான்சன் என்ற இளம் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் வருகிறார். நடித்தவர் லிண்டன் சைல்ஸ். பிராக் அவரிடம் உதவியாளராகச் சேர்கிறார். அலுவலகம் பின்னால் போகிறது. அதோடு எலிசபெத் வில்சனுக்கும் டைசனுக்கும் இருந்த இடம் சுருங்கிவிடுகிறது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தொலைபேசியும் படிவமும் மட்டும் வைத்திருக்கும் நாயகனால் எதையும் மாற்ற முடியவில்லை என்று முன்பே சொன்னேன். அரசியல்வாதி பக்கத்தில் நின்றால் சட்டம், பதவி, அதிகாரம் என்று கதைக்கு வழி திறக்கும். ஆனால் கையாலாகாத நிலையில் நின்றுகொண்டும் விடாமல் நடக்கும் மனிதனைத்தான் நாம் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மனிதனைக் கோட்டுப் போட்டு அதிகார வட்டத்துக்குள் உட்காரவைத்ததும் ஏதோ ஒன்று போய்விட்டது. மாற்றம் வேண்டாத இடத்தில் மாற்றினார்கள் என்றே நினைக்கிறேன்.

கடைசியில் யார்தான் நிறுத்தினது? ரேட்டிங்கா, சென்சாரா, தென்மாநிலங்களா?

மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை.

தென்மாநில நிலையங்கள் மறுத்தன என்று மேலே சொன்னேன். அப்படி ஊர்கள் கழிந்தால் மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கை தானாகவே குறையும். எண்ணிக்கை குறைந்தால் விளம்பரதாரர் யோசிப்பார். அதோடு, எலி கடித்துச் செத்த குழந்தைக்கும் அழுக்குச் சுவருக்கும் நடுவில் தன் சோப்பையும் காரையும் காட்ட எந்த நிறுவனமும் முண்டியடித்து வராது. விளம்பர நேரம் முழுசாக விற்கவில்லை. அன்றைய சிபிஎஸ் தொலைக்காட்சிப் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் ஆப்ரி, 'தி பெவர்லி ஹில்பில்லிஸ்' மாதிரி கிராமத்து நகைச்சுவைகளால் நெட்வொர்க்கை முதலிடத்தில் வைத்திருந்தவர். ஹார்லெம் கதைகளுக்கு அவர் மனதில் இடமில்லை.

'மக்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்' என்ற பதில் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. திங்கள் இரவு 10 மணிக்கு எதிரே என்ன ஓடியது? என்பிசியில் 'சிங் அலாங் வித் மிட்ச்' என்ற கூட்டிசை நிகழ்ச்சி, ஏபிசியில் 'பிரேக்கிங் பாயிண்ட்' என்ற மனநல மருத்துவ நாடகம். இரண்டுமே 1964-ல் முடிவுக்கு வந்தவைதான். ஆக, அந்த நேரத்தில் யாரும் கொடிகட்டிப் பறக்கவில்லை. போதாததற்கு, இதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் சிபிஎஸ்ஸே ஒளிபரப்பியது 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ'. தென்மாநிலத்துச் சிற்றூர் ஷெரிஃப், சிரிப்பு, அன்பு, வாசலில் சாய்வு நாற்காலி. அதைப் பார்த்துச் சிரித்து முடித்தவரிடம் போய் உடனே ஹார்லெமைக் காட்டினால் அவர் சேனலை மாற்றத்தான் செய்வார். இதைவிடப் பொருந்தாத ஜோடியை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவு தைரியம் அந்தக் காலத்தில் எப்படி வந்தது? முதலில் அனுமதித்ததே எப்படி?

1961 மே மாதம் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ, தொலைக்காட்சி முதலாளிகளின் மாநாட்டிலேயே நின்று, அவர்கள் நடத்துவது பரந்த பாழ்நிலம் என்று சொன்னார். உரிமம் கொடுக்கும் கை சொன்ன சொல் அது. நெட்வொர்க்குகளுக்குக் கனமான நாடகம் கொஞ்சம் காட்டியாக வேண்டிய நெருக்கடி வந்தது. சிபிஎஸ்ஸில் 'தி டிஃபெண்டர்ஸ்' என்ற வக்கீல் நாடகம் அந்த ஆண்டே தொடங்கி, விருதும் வாங்கி, நன்றாகவும் ஓடியது. அதே வழியில் இதுவும் போகும் என்று நம்பியிருக்கலாம். 1963-ல் மினோ பதவி விலகினார், நெருக்கடியும் தளர்ந்தது.

நாட்டு நிலவரமும் ஒரு காரணம். கறுப்பினத்தவரின் உரிமைகளுக்கான வாஷிங்டன் பேரணி 1963 ஆகஸ்ட் 28. பர்மிங்காமில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தது செப்டம்பர் 15. எட்டு நாள் கழித்து இந்தத் தொடரின் முதல் எபிசோடு.

சரி, ஒரு வெள்ளைக்காரர் வந்து கறுப்பினத்தவரைக் காப்பாற்றும் கதைதானே இது?

நியாயமான கேள்வி. நாயகன் வெள்ளையர். மேலே பேசிய இரண்டு எபிசோடுகளின் எழுத்தாளர்களும் வெள்ளையர்கள்தான். கேமராவுக்குப் பின்னால் கறுப்பினத்தவரின் குரல் போதுமான அளவு இல்லை என்பதை மறுக்க முடியாது.

ஆனால் 'காப்பாற்றும்' என்ற சொல் பொருந்தவில்லை. எலி எபிசோடில் பிராக் யாரையும் காப்பாற்றுவதில்லை. அந்தத் தம்பதியின் வீட்டு வாசலில் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறார். கதையை நடத்துவது ஜோவும் ரூத்தும்தான். எழுத்தாளர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெர்ல், லாம்பெல் இருவருமே 1950-களில் கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தின் கறுப்புப் பட்டியலில் சிக்கி, சொந்தப் பெயரில் எழுத முடியாமல் இருந்தவர்கள். கதவு மூடப்படுவது என்ன என்று அவர்களுக்கு வேறொரு வகையில் தெரியும். பெர்ல் பிறகு 'காட்டன் கம்ஸ் டு ஹார்லெம்' படத்தின் திரைக்கதையில் பங்கெடுத்தார், மால்கம் எக்ஸ் பற்றிய ஆவணப்பட வேலையிலேயே 1971-ல் இறந்தார். ஒரு எபிசோடுக்காக மட்டும் அக்கறைப்பட்ட ஆள் இல்லை.

விருது ஏதும் கிடைத்ததா?

எலி எபிசோடை இயக்கியதற்காக டாம் கிரைஸுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது. ஸ்காட், ஜோன்ஸ், சாண்ட்ஸ் ஆகியோருக்குப் பரிந்துரை. விழா 1964 மே மாதம் நடந்தது. தொடர் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

இவ்வளவு நல்ல தொடர் என்றால் மறு ஒளிபரப்பில் ஏன் பிரபலமாகலை?

அமெரிக்காவில் ஒரு தொடர் நின்ற பிறகு உள்ளூர் நிலையங்கள் அதை மொத்தமாக வாங்கித் தினமும் ஓட்டும். தினமும் ஓட்ட வேண்டுமென்றால் எண்ணிக்கை வேண்டும். நூறு எபிசோடு இருந்தால் நல்ல சரக்கு. 26-ஐத் தினமும் ஓட்டினால் ஐந்தாறு வாரத்தில் தீர்ந்துவிடும். அடுத்து, 1965, 66-க்குள் நெட்வொர்க்குகள் வண்ணத்துக்கு மாறிவிட்டன; கறுப்பு வெள்ளைக்கு மதிப்பு விழுந்தது. மூன்றாவதாக, முதலில் மறுத்த அதே நிலையங்கள் இரண்டாம் தடவை காசு கொடுத்தா வாங்கும்?

எதில் தொடங்கிப் பார்க்கலாம்?

வரிசைப்படி பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் தனிக் கதை. 'நோ ஹைடிங் பிளேஸ்' முதலில். அடுத்த நாள் 'ஹூ டூ யூ கில்?'. இரண்டையும் ஒரே இரவில் பார்க்காதீர்கள், இரண்டாவதற்கு மனதில் இடம் வேண்டும். அப்புறம் மாரீன் ஸ்டேபிள்டன் நடித்த 'ஒன் டிரிங்க் அட் எ டைம்', பவரி தெருவின் கதை. ஆலன் ஆர்க்கின் இளமையில் எப்படி இருந்தார் என்று பார்க்க ஆசைப்பட்டால் 'தி பீட்னிக் அண்ட் த பொலிட்டிஷியன்'. ஹான்சனிடம் பிராக் வேலைக்குச் சேர்ந்த பிறகு வரும் எபிசோடுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அந்தப் பழைய அலுவலகமும் ஜேன் ஃபாஸ்டரின் மேசையும் உங்களுக்குப் பழகியிருக்கும்.